விட்ஜெட் நிரலகங்களும் வெளியார் நிரலும்

கணினித் திரையில் தெரியும் பொத்தான், மெனு, உருள்பட்டை, எழுத்துப் பெட்டி ஆகியவற்றை நிரலாளர்கள் விட்ஜெட் என்பார்கள். ஒவ்வொரு மென்பொருளும் இவற்றைப் புதிதாக வரைந்துகொள்வதில்லை. ஏற்கெனவே எழுதி வைத்த விட்ஜெட் நிரலகம் ஒன்றை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. விண்டோஸிலும் மேக்கிலும் அந்த நிரலகத்தை இயங்குதளத்தோடு சேர்த்து நிறுவனமே தந்துவிடும். அதில் வெளியார் கைவைக்க இடமில்லை. யூனிக்ஸ் உலகின் கதை வேறு. அங்கே திரைக்கு அடித்தளமான எக்ஸ் விண்டோ சிஸ்டம், 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அதீனா திட்டத்தையொட்டிப் பிறந்தது. ஜன்னலைத் திறப்பது, கோடு வரைவது, மவுசும் விசைப்பலகையும் என்ன செய்கின்றன என்று நிரலுக்குச் சொல்வது, இவ்வளவோடு அது நின்றுகொண்டது. பொத்தான் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அப்படி ஒதுங்கி நின்றது அதன் கொள்கையே. அந்த வெற்றிடத்தில்தான் பல விட்ஜெட் நிரலகங்கள் போட்டி போட்டுக்கொண்டு முளைத்தன. யார் வேண்டுமானாலும் நிரல் எழுதித் தரலாம் என்ற வழக்கமும் அவற்றோடு வளர்ந்தது.

எக்ஸோடு சேர்த்து அதீனா விட்ஜெட்டுகள் என்ற சிறு தொகுப்பும் இலவசமாகவே கிடைத்தது. அது மாதிரிக்காகச் செய்யப்பட்டது. பார்வைக்கும் மாதிரி போலவே இருந்தது. தொழில்முறை மென்பொருள் செய்பவர்கள் 1989 வாக்கில் வெளிவந்த மோட்டிஃபை நாடினார்கள். பெரிய யூனிக்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஓபன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் படைப்பு அது. கட்டணம் செலுத்தி உரிமம் வாங்கினால்தான் மோட்டிஃபில் நிரல் எழுத முடியும். ஐம்பதாயிரம் டாலர் பணிநிலையம் வாங்கும் அலுவலகத்துக்கு அது பொருட்டில்லை. வீட்டுக் கணினியில் லினக்ஸ் ஏற்றியிருந்த மாணவருக்கோ அது பெருஞ்சுவர். மோட்டிஃப் போலவே நடந்துகொள்ளும் இலவச நகல் ஒன்றை லெஸ்டிஃப் என்ற பெயரில் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் பிறர் வகுத்த வடிவத்தை அச்சுப் பிசகாமல் பின்தொடரும் வேலை நெடுநாள் பிடித்தது. மோட்டிஃபின் மூல நிரல் உண்மையிலேயே கட்டற்ற உரிமத்தில் வந்தது 2012இல். அதற்குள் அதற்காகக் காத்திருந்தவர்கள் வேறு திசையில் போய்விட்டிருந்தார்கள்.

பெர்க்லியில் ஜான் ஆஸ்டர்ஹவுட் 1991இல் வெளியிட்ட டிகே, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் 1992இல் தொடங்கிய டபிள்யூஎக்ஸ் ஆகியவை இலவசமாகக் கிடைத்தன. இரண்டும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. எனினும் வெளியார் நிரலை ஏற்கும் வழக்கம் முழு உருவம் பெற்றதை ஜிடிகே, க்யூடி என்ற இரு நிரலகங்களின் வரலாற்றில்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது. ஒன்று யாருக்கும் சொந்தமில்லாமல் வளர்ந்தது. மற்றொன்றுக்கு முதல் நாளிலிருந்தே உரிமையாளர் இருந்தார். நிரலை எழுதித் தருவது எளிது. தந்த பின் அது யாருடையது, அதை யார் பராமரிப்பது என்ற கேள்விகளுக்கு இரு முகாம்களும் வெவ்வேறு விடைகளில் தொடங்கின.

ஜிடிகேயின் பிறப்புக்கு மோட்டிஃபின் உரிமமே காரணம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் கிம்ப் என்ற படத் திருத்தியை எழுதத் தொடங்கினார்கள். 1996இல் வெளிவந்த அதன் 0.54 பதிப்பு மோட்டிஃபைப் பயன்படுத்தியது. கிம்பின் நிரல் கட்டற்றது; ஆனால் அதைத் தொகுத்து இயக்க மோட்டிஃப் உரிமம் வேண்டும். நிரலைத் திருத்தித் தர ஆசைப்பட்ட பலரால் திருத்தியதை இயக்கிக்கூடப் பார்க்க முடியவில்லை. எனவே மாட்டிஸ் மோட்டிஃபைத் தூக்கிவிட்டுத் தாமே ஒரு விட்ஜெட் தொகுப்பை எழுதினார். கிம்ப் டூல்கிட் என்பதன் சுருக்கமே ஜிடிகே. அடுத்து வந்த 0.60 பதிப்பு அதன்மேல் ஓடியது. பிறகு பொருள்நோக்கு முறையில் அது திருத்தி எழுதப்பட்டபோது பெயரோடு ஒரு கூட்டல் குறி சேர்ந்தது. 2019இல்தான் அந்தக் குறி கைவிடப்பட்டது.

நிரலகத்தின் தொடக்ககாலக் கோப்புகளின் தலைப்பில் கிம்பால், மாட்டிஸ், ஜோஷ் மெக்டொனால்டு ஆகிய மூவரின் பெயரில் 1995 முதல் 1997 வரையிலான பதிப்புரிமைக் குறிப்பு இருக்கிறது. அதற்குக் கீழே, 1997க்குப் பின் ஜிடிகே குழுவும் பிறரும் இதைத் திருத்தியிருக்கிறார்கள், யார் யார் என்பதைப் பங்களிப்பாளர் பட்டியலிலும் மாற்றக் குறிப்பேட்டிலும் பார்க்கவும் என்ற பொருளில் இன்னொரு குறிப்பு. இந்த இரண்டு குறிப்புகளுக்கும் இடையே ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. மூலவர்கள் 1997 வாக்கில் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். பொறுப்பு யாருக்கும் முறையாக ஒப்படைக்கப்படவில்லை. திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தவர்களே மிச்சமிருந்தார்கள். அவர்களே பொறுப்பாளர்களாகவும் ஆனார்கள். ஓவன் டெய்லர், டிம் யானிக் போன்றவர்கள் இப்படித்தான் முன்னுக்கு வந்தார்கள். கட்டற்ற மென்பொருளில் பதவி என்பது பெரும்பாலும் நியமனத்தால் வருவதில்லை. மற்றவர்கள் போன பின்னும் போகாமல் இருப்பதால் வருகிறது.

அந்தக் காலத்தில் நிரலைத் தருவதற்கு இருந்த வழி எளிமையானது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, எந்தெந்த வரி மாறியிருக்கிறது என்பதை மட்டும் எழுதித்தரும் டிஃப் என்ற கருவி 1970களிலிருந்தே யூனிக்ஸில் உண்டு. அந்த வேறுபாட்டை எடுத்து இன்னொருவரிடம் இருக்கும் பழைய கோப்பில் தானே பொருத்திவிடும் பேட்ச் என்ற நிரலை லாரி வால் 1985இல் எழுதினார். பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவர் அவர்தான். பேட்ச் செய்த உதவி சாதாரணமானதல்ல. அதற்கு முன் திருத்தியவர் முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டும்; அதற்குள் மூலக் கோப்பு மாறியிருந்தால் இரண்டையும் கையால் ஒட்ட வேண்டும். பேட்சோ, வரி எண் சற்று முன்பின் ஆகியிருந்தாலும் சுற்றியுள்ள வரிகளைப் பார்த்துத் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. 1990இல் வந்த ஒருங்கிணைந்த டிஃப் வடிவம், நீக்கிய வரிக்குக் கழித்தல் குறியும் சேர்த்த வரிக்குக் கூட்டல் குறியும் இட்டு ஒரே பத்தியில் காட்டியது. மனிதக் கண்ணால் படிக்க முடிந்த வடிவம் அது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் வரிவரியாகப் படித்து விமர்சிக்கும் பழக்கத்துக்கு அதுவே ஊடகமாக இருந்தது. இன்றைய வலைக் கருவிகளும் அதையே நிறம் பூசிக் காட்டுகின்றன.

ஜிடிகேவுக்கு உதவ விரும்பியவர் பேட்சை மின்னஞ்சலில் அனுப்புவார், அல்லது எஃப்டிபி வழங்கியில் ஏற்றிவைப்பார். மாற்றக் குறிப்பேட்டில் நாள், பெயர், தொட்ட கோப்புகள், காரணம் ஆகியவற்றை எழுதிச் சேர்க்க வேண்டும் என்பது க்னூ திட்டத்திலிருந்து வந்த மரபு. பொறுப்பாளர்களில் ஒருவர் படித்துப் பார்த்து, மாற்றங்களின் வரலாற்றைப் பதியும் சிவிஎஸ் என்ற கருவியின் களஞ்சியத்தில் சேர்ப்பார். நல்ல பேட்சுகளாகத் தொடர்ந்து அனுப்புகிறவருக்கு ஒரு கட்டத்தில் களஞ்சியத்தில் நேரடியாக எழுதும் அனுமதியே கிடைத்துவிடும். அவருடைய பேட்சைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்துப்போவதே அந்த அனுமதிக்கு முக்கியத் தகுதி என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பதிப்புரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. எழுதியவருக்கே அது சொந்தம், நிரல் மட்டும் எல்ஜிபிஎல் உரிமத்தில் பொதுவில் கிடக்கும். கிம்ப் கண்டிப்பான ஜிபிஎல் உரிமத்தில் இருக்க, அதன் விட்ஜெட் நிரலகத்தை மட்டும் தளர்ந்த எல்ஜிபிஎல்லில் வைத்தது பின்னால் பெரிய விளைவுகளைத் தந்தது. வணிக மென்பொருள் செய்பவர்களும் கட்டணமில்லாமல் அதைப் பயன்படுத்தலாம் என்பதால் நிறுவனங்கள் தயங்காமல் உள்ளே வந்தன.

க்யூடியின் கதை நார்வேயின் டிரான்ட்ஹைம் நகரில் தொடங்குகிறது. அங்கே தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ஹோவார்ட் நூர்டும் ஐரிக் சாம்பே-எங்கும் அல்ட்ராசவுண்ட் படங்களைச் சேமிக்கும் மென்பொருள் ஒன்றுக்காக வேலை செய்தபோது, ஒரே நிரல் யூனிக்ஸிலும் விண்டோஸிலும் மேக்கிலும் ஓட வேண்டிய தேவை எழுந்தது. 1991இல் சி++ மொழியில் நிரலகத்தை எழுதத் தொடங்கி, 1994இல் நிறுவனம் அமைத்தார்கள். பின்னாளில் டிரால்டெக் என்று பெயர் பெற்றது அதுவே. 1995 மே மாதம் முதல் பொது வெளியீடு வந்தது. யூனிக்ஸில் இலவச மென்பொருள் எழுதுபவர்களுக்கு க்யூடி இலவசம்; வணிகத்துக்கு எழுதினால் கட்டணம். மூல நிரலைப் படிக்கலாம். திருத்திய வடிவத்தைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் சண்டைக்கு வித்திட்டது. 1996 அக்டோபரில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிஷ், லினக்ஸுக்கு ஒருமித்த திரைச் சூழல் வேண்டும் என்று கேடிஇ திட்டத்தை அறிவித்தபோது க்யூடியைத் தேர்ந்தெடுத்தார். நிரல் தரத்தில் அன்று அதற்கு ஈடில்லை என்பது அவர் வாதம். அது சரியான வாதமும்கூட. ஆனால் முழுக்கக் கட்டற்ற அமைப்பின் அடித்தளமாகத் திருத்திப் பரப்ப முடியாத நிரலகமா என்று பலர் கொதித்தார்கள். க்யூடியைப் போலவே இயங்கும் ஹார்மனி என்ற நகலைச் சிலர் தொடங்கினார்கள். 1997 ஆகஸ்டில் மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் ஜிடிகேயின் மேல் க்னோம் என்ற போட்டிச் சூழலைத் தொடங்கினார்கள். 1998இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு, கேடிஇயைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. படத் திருத்தி ஒன்றுக்காக எழுதப்பட்ட ஜிடிகே இப்படித்தான், யாரும் திட்டமிடாமல், ஒரு முழு மேசைத்தளத்தின் அடித்தளமாக ஆனது.

டிரால்டெக் படிப்படியாக இறங்கி வந்தது. 1998இல் கேடிஇ ஃப்ரீ க்யூடி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை இரு தரப்பும் உருவாக்கின. நிறுவனம் இலவசப் பதிப்பு வெளியிடுவதைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்திவிட்டால், அந்த அமைப்பே க்யூடியை மிகத் தளர்ந்த உரிமத்தில் வெளியிட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. அடுத்து க்யூடி 2.0 பதிப்பு க்யூபிஎல் என்ற புதிய உரிமத்தோடு 1999இல் வந்தது. இந்த உரிமத்தில் ஒரு விசித்திரம் உண்டு. திருத்தங்களைப் பரப்பலாம், ஆனால் மூலத்தோடு கலந்து அல்ல, தனிப் பேட்சாக மட்டுமே. அதாவது லாரி வாலின் கருவி படைத்த வடிவம் இங்கே சட்ட விதியாகவே எழுதப்பட்டது. அப்படி வெளியிடும் திருத்தத்தைத் தன் அடுத்த பதிப்புகளில் சேர்த்துக்கொள்ளும் உரிமையையும் நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்டது. 2000 செப்டம்பரில் 2.2 பதிப்பு ஜிபிஎல் உரிமத்திலும் கிடைத்தபோது சண்டையின் சட்டப் பகுதி முடிந்தது.

சட்டம் தீர்ந்ததே தவிர நடைமுறை தீரவில்லை. க்யூடியின் உண்மையான களஞ்சியம் டிரால்டெக் அலுவலகத்துக்குள்தான் இருந்தது. வெளியார் பிழை அறிக்கை அனுப்பலாம், பேட்சும் அனுப்பலாம். சேர்ப்பதும் தள்ளுவதும் ஊழியர் கையில். சேர்த்தாலும் அடுத்த வெளியீடு வரும் வரை கண்ணில் படாது. அதனால் கேடிஇ தன் களஞ்சியத்தில் க்யூடி-காப்பி என்ற பெயரில் ஒரு நகலை வைத்துக்கொண்டது. அதனுள் பேட்சுகளுக்கென்று ஒரு கோப்புறை, ஒவ்வொரு பேட்சும் எதற்காக, நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டதா என்ற விவரக் குறிப்பு, எல்லாவற்றையும் வரிசையாகப் பொருத்தும் ஒரு சிறு நிரல். கேடிஇயை மூலத்திலிருந்து தொகுத்தவர்கள் பல ஆண்டுகள் இந்த நகலைத்தான் பயன்படுத்தினார்கள். கேடிஇயின் சிறந்த நிரலாளர்களை டிரால்டெக்கே வேலைக்கு எடுத்துக்கொண்டதும் உண்டு. எட்ரிஷும், கேடிஇயின் உலாவிக்கு வலைப்பக்க இயந்திரம் எழுதிய லார்ஸ் க்னோலும் அப்படிப் போனவர்கள். வெளியார் நிரல் உள்ளே நுழைய ஒரே உறுதியான வழி, எழுதியவரே உள்ளே நுழைவது என்ற நிலை.

அந்த மூடிய கதவின் வழியேயும் தமிழுக்கான நிரல் ஒன்று உள்ளே போயிருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் இணையத்தில் தமிழ் எழுதியவர்கள் தங்களுக்குள் கலந்து பேசி டிஸ்கி என்ற எட்டு பிட் குறியேற்றத்தை உருவாக்கிப் பயன்படுத்திவந்தார்கள். டிஸ்கியில் இருக்கும் உரையை யூனிகோடுக்கும் யூனிகோடிலிருந்து டிஸ்கிக்கும் மாற்றும் நிரலை 2000இல் நிறுவனத்துக்கு வெளியே ஒருவர் எழுதினார். க்யூடி 3 தொடரில் அது ஒரு தனி வகுப்பாக இடம்பெற்றது. எழுதியவரின் அனுமதியோடும் நன்றியோடும் சேர்க்கப்பட்டது என்ற குறிப்பும், அவருடைய பதிப்புரிமை வாசகமும் நிறுவனத்தின் ஆவணத்திலேயே அச்சாகின. சீன, ஜப்பானியக் குறியேற்றங்களுக்கான நிரல்களும் இதேபோல் வெளியாரிடமிருந்து வந்தவையே. டிரால்டெக்கின் ஆஸ்லோ அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு திறமைசாலியானாலும் எழுதித்தர முடியாத பகுதிகள் ஒரு விட்ஜெட் நிரலகத்தில் இருக்கின்றன. உலகத்தின் எழுத்துகள் எல்லாம் அந்த எழுத்துப் பெட்டிக்குள் சரியாக விழுந்தாக வேண்டுமே.

குறியேற்றம் பாதி வேலைதான். யூனிகோடில் கொ என்ற எழுத்து, முதலில் க, அதன்பின் ஒகரக் குறி என்று சேமிக்கப்படுகிறது. திரையில் வரும்போது அந்த ஒரு குறி இரண்டாகப் பிரிந்து ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்பும் கால் பின்பும் நிற்க வேண்டும். சுட்டி அதைத் தாண்டும்போது மூன்று வடிவங்களையும் ஓரெழுத்தாகக் கருதித் தாண்ட வேண்டும். ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம் என்று ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விட்ஜெட்டுகளால் இது முடியாது. ஜிடிகே 2.0க்காக ஓவன் டெய்லர் தொடங்கிய பாங்கோ என்ற நிரலகம் இந்தச் சிக்கலைத் தனியே எடுத்துக்கொண்டது. எழுத்துமுறைக்கு ஒரு மாட்யூல் என்று அது பிரிக்கப்பட்டிருந்ததால், ஜிடிகேயின் உட்புறம் தெரியாதவர்களும் தங்கள் மொழிக்கு மட்டும் எழுதித் தர முடிந்தது. தொடக்கப் பதிப்புகளில் டிஸ்கி எழுத்துருக்களைக் கொண்டு இயங்கும் தமிழ் மாட்யூல் ஒன்றும் இருந்தது. பிறகு ஐபிஎம் ஊழியர் ஒருவர் எழுதிய இந்திய எழுத்துமுறைகளுக்கான பொது நிரல் ஓப்பன்டைப் எழுத்துருக்களோடு வந்து அதன் இடத்தைப் பிடித்தது. க்யூடியிலும் லார்ஸ் க்னோல் இதே வேலையைத் தனியே செய்துகொண்டிருந்தார். ஒரே இலக்கணத்தை இரண்டு முகாம்கள் இருமுறை எழுதுவது வீண் என்று இரு தரப்பும் உணர்ந்தன. இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சியில் ஹார்ஃப்பஸ் பிறந்தது. பின்னர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதைப் புதிதாகவே எழுதினார். இன்று ஜிடிகே, க்யூடி மட்டுமல்ல, ஆண்ட்ராய்டும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தமிழைத் திரையில் வரைவது இந்த நிரலைக் கொண்டுதான். உரிமச் சண்டையில் எதிரெதிரே நின்ற இரு முகாம்கள் எழுத்து வரைவதில் கைகோத்தன என்பது கவனிக்க வேண்டியது.

ஜிடிகே பக்கம் கதவு திறந்திருந்தது என்பதால் எல்லா நிரலும் உள்ளே போய்விடவில்லை. அதற்கான காரணம் விட்ஜெட் நிரலகத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு மென்பொருளைத் தொகுக்கும்போது நிரலகத்தில் உள்ள தரவமைப்புகளின் அளவும் வரிசையும் அந்த மென்பொருளுக்குள்ளேயே பதிந்துவிடுகின்றன. நிரலகத்தில் பின்னர் ஒரு புலத்தைச் சேர்த்தாலோ நீக்கினாலோ, பழைய மென்பொருள்கள் தவறான இடத்தில் கைவைத்து நொறுங்கும். குடியேறிய வீட்டில் தூணை நகர்த்துவது போன்ற வேலை அது. இதை முன்கூட்டியே எதிர்பார்த்து, ஜிடிகேயின் வகுப்பு அமைப்புகளில் எதிர்காலத்துக்கென்று சில வெற்று இடங்களை விட்டுவைப்பார்கள். க்யூடியில் உள்விவரங்களை எல்லாம் ஒரேயொரு மறைவான சுட்டிக்குப் பின்னால் ஒளித்துவைப்பார்கள். வெளியிலிருந்து வரும் விட்ஜெட் அழகாக வேலை செய்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. இதைப் பத்தாண்டு மாற்றாமல் வைத்திருக்க முடியுமா என்பதே முதல் கேள்வி.

இந்தப் பாடம் அனுபவத்தால் வந்தது. ஜிடிகே 1 காலத்தில் பங்களிப்பாளர்கள் எழுதித் தந்த சிலிஸ்ட், சிட்ரீ என்ற பட்டியல் விட்ஜெட்டுகள் அன்றைக்கு வேகமானவை, பலருக்கும் பிடித்தவை. ஆனால் தரவும் தோற்றமும் அவற்றில் பின்னிக் கிடந்தன. 2002 மார்ச்சில் வந்த 2.0 பதிப்பு, இரண்டையும் பிரித்த ட்ரீவியூவைக் கொடுத்துப் பழையவற்றைக் கைவிடப்பட்டவை என்று அறிவித்தது. அறிவிக்க மட்டுமே முடிந்தது, நீக்க முடியவில்லை. 2 தொடர் முழுவதும் பொருந்துநிலை காக்கப்படும் என்று வாக்குக் கொடுத்திருந்ததால், யாரும் விரும்பாத அந்த நிரல் 2011இல் 3.0 வரும் வரை உள்ளேயே குடியிருந்தது.

அதே 2.0க்குப் புதிய உரைத் திருத்தி விட்ஜெட் தேவைப்பட்டபோது ஹாவக் பென்னிங்டன் புதிதாக எழுதவில்லை. ஆஸ்டர்ஹவுட்டின் டிகேயில் இருந்த உரை விட்ஜெட்டை எடுத்து ஜிடிகேவுக்குப் பெயர்த்தார். அந்தக் கோப்பின் தலைப்பில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், சன் மைக்ரோசிஸ்டம்ஸ், ஸ்கிரிப்டிக்ஸ், ரெட் ஹாட் என்று அடுத்தடுத்துப் பதிப்புரிமை வரிகள் நிற்கின்றன. கேன்வாஸ் என்ற வரைபரப்பு விட்ஜெட்டும் டிகேயிலிருந்து ஃபெடரிகோ மேனா வழியாக க்னோமுக்கு வந்ததே. பங்களிப்பு என்றால் புதிதாக எழுதுவது மட்டும் அல்ல. வேறொரு நிரலகத்தில் பத்தாண்டு அடிபட்டுத் தேறிய நிரலை அடையாளம் கண்டு கொண்டுவருவதும் பங்களிப்புதான், அதுவும் கூடுதல் மதிப்புள்ளது.

புதிய விட்ஜெட்டுகளைச் சோதித்துப் பார்க்க லிப்எக் என்ற காத்திருப்புக் கூடம் ஒன்றையும் க்னோம் வைத்திருந்தது. அது நிரலகமாக வெளியிடப்படாது. வேண்டியவர் கோப்பை நகலெடுத்துத் தம் மென்பொருளுக்குள் ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படி நான்கைந்து மென்பொருள்களில் புழங்கி வடிவம் தேறிய பின்னரே ஜிடிகேவுக்குள் இடம். மெனுக்களை ஒன்றிணைக்கும் அமைப்பு 2004இலும், அண்மைக் கோப்புகளின் பட்டியலும் நிலைப்பட்டைச் சின்னமும் 2006இலும் இவ்வழியே வந்தன. ஒட்டிய நகல்களில் பிழை திருத்தம் ஒன்றில் இருக்க மற்றொன்றில் இல்லாமல் போன தொல்லை தனிக் கதை.

உள்ளே நுழையாமல் நின்றுபோனவற்றில் மிகவும் பேசப்பட்டது கோப்புத் தேர்வு ஜன்னலின் படம். 2004இல் 2.4 பதிப்போடு புதிய கோப்புத் தேர்வி வந்தது. கோப்புகளைப் பெயராக மட்டுமன்றிச் சிறு படங்களாகவும் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை அதே ஆண்டில் பதிவானது. பிறர் பேட்சுகள் எழுதினார்கள். சில லினக்ஸ் பயனர்கள் அவற்றைத் தாமே பொருத்திக்கொண்டும் பயன்படுத்தினார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள கோப்புறையைத் தடுமாறாமல் காட்ட ட்ரீவியூவின் அடிப்படை இடம் கொடுக்கவில்லை. ஒட்டுப்போட்ட தீர்வை ஏற்றால் அதைச் சுமக்க வேண்டியவர்கள் ஒரு கை விரலில் அடங்கும் பராமரிப்பாளர்கள்தான். 2020இல் ஜிடிகே 4 புதிய பட்டியல், கட்ட விட்ஜெட்டுகளைக் கொண்டுவந்த பின்புதான் வழி பிறந்தது. 2022 டிசம்பரில் மத்தியாஸ் க்ளாசன் எழுதியது சேர்ந்து, 2023 மார்ச்சில் 4.10 பதிப்பில் வெளியானது. பதினெட்டு ஆண்டுகளாக இது கேலிப் பொருளாக இருந்தது. கேலி செய்தவர்களின் பொறுமையின்மையிலும் நியாயம் உண்டு, மறுத்தவர்களின் கணக்கிலும் நியாயம் உண்டு. இருந்தும் பதினெட்டு ஆண்டு அதிகம்தான்.

பராமரிப்பாளர்கள் சிலராகவே இருந்ததற்கும் அவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்களாக ஆனதற்கும் தொடர்பு உண்டு. ரெட் ஹாட் 1998இல் ஓர் ஆய்வுக் கூடம் அமைத்து ஜிடிகே, க்னோம் நிரலாளர்களை வேலைக்கு எடுத்தது. 2000இல் க்னோமை ஏற்ற சன் நிறுவனம், பார்வையற்றோரும் பயன்படுத்தும்படி விட்ஜெட்டுகள் தங்களைத் தாங்களே விவரித்துக்கொள்ளும் ஏடிகே அடுக்கைத் தந்தது. அலங்காரமில்லாத வேலை, ஓய்வுநேரத் தன்னார்வலர் எவரும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். நோக்கியா 2005இல் தன் கையடக்கக் கருவிகளில் ஜிடிகேயைப் பயன்படுத்தியபோது சிறு ஆலோசனை நிறுவனங்கள் பல அதை நம்பிப் பிழைத்தன. விண்டோஸில் ஜிடிகே ஓடுவதோ, கிம்பை அங்கே ஓட்ட விரும்பிய பின்லாந்து நிரலாளர் டோர் லில்க்விஸ்டின் தொடக்க உழைப்பு. இப்படி ஒவ்வொரு பங்களிப்புக்கும் பின்னால் ஒரு சொந்தத் தேவை இருந்தது. தேவை தீர்ந்ததும் பங்களிப்பவர் நகர்ந்தார். நோக்கியா க்யூடி பக்கம் சாய்ந்ததும் அந்தச் சிறு நிறுவனங்களின் நிரலும் குறைந்தது.

அந்தச் சாய்வுதான் க்யூடியின் கதவையும் திறந்தது. 2008இல் டிரால்டெக்கை வாங்கிய நோக்கியாவுக்குக் க்யூடி உரிமம் விற்பது பிழைப்பல்ல, தொலைபேசி விற்பதுதான் பிழைப்பு. 2009 மார்ச்சில் 4.5 பதிப்பு எல்ஜிபிஎல் உரிமத்திலும் வந்தது. அதே ஆண்டு மே மாதம் களஞ்சியம் கிட் என்ற புதிய பதிவுக் கருவியின் வடிவத்தில் பொதுவில் வைக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் நிரல் அனுப்பலாம் என்று அறிவிக்கப்பட்டது. க்னோமும் இதே காலத்தில், 2009 ஏப்ரலில், கிட்டுக்கு மாறியிருந்தது. சிவிஎஸ் காலத்தில் எழுதும் அனுமதி உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டு சாதிகள் இருந்தன. அனுமதியில்லாதவரின் பேட்சைப் பொறுப்பாளர் சேர்த்தால் களஞ்சிய வரலாற்றில் பொறுப்பாளர் பெயரே பதியும். எழுதியவர் பெயர் குறிப்பேட்டில் மட்டும். கிட், எழுதியவரையும் சேர்த்தவரையும் தனித்தனியே பதிந்தது.

2011 அக்டோபரில் க்யூடி ப்ராஜெக்ட் திறந்த நிர்வாகத்தோடு தொடங்கியது. பங்களிப்பாளர், ஒப்புதலாளர், பராமரிப்பாளர் என்று படிநிலைகள் எழுத்தில் வகுக்கப்பட்டன. மாற்றங்கள் கெரிட் என்ற கருவி வழியே வர வேண்டும். ஒப்புதலாளர் ஒருவர் கூட்டல் இரண்டு என்று மதிப்பிட வேண்டும். தன் நிரலுக்குத் தானே ஒப்புதல் தரக் கூடாது. நிறுவன ஊழியருக்கும் அதே விதி. பிறகு தானியங்கிச் சோதனைகள் எல்லாத் தளங்களிலும் ஓடித் தேறினால்தான் சேர்க்கை. ஒரு நிபந்தனை மட்டும் பழைய உரிமையாளர் காலத்தின் எச்சமாக நின்றது. பங்களிப்பவர் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டு, தம் நிரலை வணிக உரிமத்திலும் விற்கும் உரிமையை நிறுவனத்துக்குத் தர வேண்டும். ஜிடிகேவில் அப்படி எந்தக் கையெழுத்தும் கிடையாது.

கையெழுத்தைப் பொருட்படுத்தாமல் கேடிஇ நிரலாளர்கள் பெருமளவில் வந்தார்கள். கேடிஇயின் சொந்த நிரலகங்களைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் திட்டம் 2011இல் தொடங்கியிருந்தது. பொதுவாகப் பயன்படக்கூடியவை எல்லாம் க்யூடிக்கே போகட்டும் என்று முடிவானது. டேவிட் ஃபோர் முதலியோரின் உழைப்பில் கோப்பு வகை கண்டறிதல், பொது அடைவுகளின் இருப்பிடம் ஆகியவை 5.0 பதிப்பிலும், கோப்பைப் பாதுகாப்பாகச் சேமிப்பது, பூட்டுவது ஆகியவை 5.1இலும், கட்டளை வரியைப் பிரித்துப் படிப்பது 5.2இலும் இடம்பெற்றன. பதினைந்து ஆண்டுகள் வெளியே நகலும் பேட்சுமாக வைத்திருந்தவர்கள் இப்போது தங்கள் நிரலை மூலத்திலேயே வைத்துவிட்டுத் தங்கள் நகலை அழித்துக்கொண்டிருந்தார்கள்.

க்னோம் 2018 மே மாதம் கிட்லேப் என்ற வலைக் கருவிக்கு முழுதாக மாறியது. பேட்சை அறிக்கையோடு இணைத்து அனுப்பும் வழக்கம் அதோடு மறைந்து, இணைப்புக் கோரிக்கை வந்தது. எதைத் தருவது என்பதைவிட எங்கே தருவது என்ற கேள்வி அங்கே முன்னுக்கு வந்திருந்தது. கைபேசித் திரைக்காக எழுதப்பட்ட லிப்ஹேண்டி என்ற துணை நிரலகம் வளர்ந்து லிப்அத்வைத்தா ஆகி 2021 இறுதியில் 1.0 பதிப்பை எட்டியது. க்னோமின் தோற்றத்துக்கே உரிய விட்ஜெட்டுகள் அங்கே போகும். எல்லோருக்கும் பொதுவானவை மட்டும் ஜிடிகேவில் இருக்கும். பராமரிப்பாளரின் சுமை இதனால் குறைந்தது. க்னோமுக்கு வெளியே ஜிடிகேயைப் பயன்படுத்துபவர்களின் முணுமுணுப்பு கூடியது.

க்யூடி பல கைகள் மாறி, டிஜியா என்ற நிறுவனத்திலிருந்து பிரிந்த க்யூடி கம்பெனியிடம் இருக்கிறது. 2021 ஜனவரி முதல் 5.15 பதிப்பின் நீண்டகாலத் திருத்தங்கள் வணிக வாடிக்கையாளருக்கு மட்டும் உடனே கிடைக்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. பொதுவில் இருந்த 6 பதிப்புக்கு கேடிஇ மாறி முடிக்க இன்னும் காலம் இருந்தது. எனவே கேடிஇ அதே ஆண்டு 5.15க்கான பேட்சுத் தொகுப்பு ஒன்றைத் தன் களஞ்சியத்தில் தொடங்கியது. 6 பதிப்பில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்ட பிழை திருத்தங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு அதில் பின்னோக்கிப் பெயர்க்கப்பட்டன. லினக்ஸ் வெளியீட்டாளர்கள் பலர் அதையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். வணிகப் பதிப்பாக முதலில் வந்த 5.15.3, ஓராண்டு கழித்து 2022 மார்ச்சில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. பன்னிரண்டு மாதம் என்ற அந்த எல்லை 1998 ஒப்பந்தத்தின் வழிவந்தது.